மாமா இனி என்ன செய்வார்?

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஊதுபத்தி என்று பெயர். ஆள் ஒல்லி, வேலை பத்தி எழுதுவது. இரண்டையும் சேர்த்து எந்தப் புண்ணியவானோ முதல் வருஷமே வைத்துவிட்டுப் போய்விட்டான். நேரில் பார்த்தால் மேடம், தலை மறைந்தால் ஊதுபத்தி. அவளுக்கும் தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வாசிப்புத் தேர்வு வைக்கிறார்கள் அல்லவா, எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒரே நாள், ஒரே தாள், ஒரே மணி என்று? அந்தத் தாளில் வரும் பத்திகளை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு பத்தி. அதன் கீழே நாலு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. சரியானதற்குப் பிள்ளை வட்டம் போட வேண்டும். வட்டங்களை இயந்திரம் எண்ணும். படித்ததைப் பிள்ளை புரிந்துகொண்டதா இல்லையா என்பதை இயந்திரமே சொல்லிவிடும். ஒரு டீச்சர் வருஷம் முழுக்கப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அது முக்கால் நிமிஷத்தில் தெரிந்துகொள்கிறது. நல்லது, அறிவியல் வளர்ந்திருக்கிறது, குறுக்கே நிற்க நாம் யார்.

பத்தி எழுதுவது லேசான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்தியில் யாரும் சாகக்கூடாது. யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. சாமி வரக்கூடாது. அப்பா குடிக்கக்கூடாது, அம்மா அழக்கூடாது, நாய் கடிக்கக்கூடாது. ஒரு வாக்கியம் எட்டு வார்த்தையைத் தாண்டக்கூடாது. இத்தனையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருக்கிற வாழ்க்கையில் என்னதான் நடக்கும்? மாமா வருவார், மாமா போவார். அவளும் பதினோரு வருஷமாக மாமாக்களை வரவழைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தாள். நானூறு பத்திக்கு மேல் இருக்கும். லட்சக்கணக்கான பிள்ளைகள் அவளைப் படித்திருக்கிறார்கள். ஒன்றின் கீழும் அவள் பெயர் கிடையாது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பதினாலு வருஷம் பிழை திருத்தினாள். அச்சகத்தை மூடிய அன்று முதலாளி கொடுத்த நற்சான்றிதழிலேயே மூன்று பிழை இருந்தது. அதைத் திருத்தி, மறுபடி அச்சடிக்க வைத்து வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள். அப்படிப்பட்ட பிறவி. எந்தத் தாளைக் கொடுத்தாலும் உள்ளதை உள்ளபடி நிரப்புவாள். அதுதான் கடைசியில் அவளுக்கு வினையாக வந்தது.

இங்கே சேர்ந்த முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என்ன வேலை பார்க்கிறாள் என்று வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது. வீடு என்று அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தங்கைதான். பத்து வயது சின்னவள். அம்மா தவறியபோது தங்கைக்கு ஏழு வயது. சடை பின்னிவிட்டது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அக்காதான். அந்த ஓட்டத்தில் தன் கல்யாணத்தையே மறந்துபோனாள் என்று சொந்தக்காரர்கள் உருகுவார்கள். அவள் மறக்கவெல்லாம் இல்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

தங்கை ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்கா ஏதோ ஓர் அலுவலகத்தில் இன்னமும் பிழைதான் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் நினைப்பு.

"இன்னும் எத்தனை காலத்துக்குக்கா இந்த ஒற்றுப் பிழையக் கட்டிக்கிட்டு அழுவ?" என்று கேட்பாள். அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள். சாயங்காலம் கிளம்பும்போது தங்கை வாசலில் நின்று, "சரிக்கா, வரேன்" என்பாள். "பாத்துப் போய்ட்டு வா" என்பாள் அக்கா. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இதே இரண்டு வாக்கியம்தான்.

தங்கைக்கு அது தற்காலிக வேலை. தற்காலிகம் என்று சொல்லியே பத்து வருஷம் ஓட்டிவிட்டார்கள். அவள் புருஷனுக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். இந்த வருஷம் ஒரு புது உத்தரவு வந்தது. வாசிப்புத் தேர்வில் வகுப்பின் மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டினால் டீச்சருக்கு வேலை நிரந்தரம். தாண்டாவிட்டால், அல்லது ஏதாவது புகார் வந்தால், ஒப்பந்தம் அத்தோடு சரி. தங்கை அதைச் சொன்னபோது அக்கா ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

"பக்கத்து வகுப்பு டீச்சர் பத்தியவே படிக்க விடறதில்லக்கா" என்றாள் தங்கை. "விடைங்களப் பாரு, அதுல இருக்கற வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு தேடு, எது கிடைக்குதோ அதுக்கு வட்டம் போடுன்னு பழக்கி வச்சிருக்காங்க. மார்க்கு அள்ளுது."

"நீயும் அப்படியே சொல்லிக்குடுக்க வேண்டியதுதான?"

"அதுக்குப் பேரு படிக்கறதாக்கா? துணி மூட்டையில ஜோடி சாக்ஸ் தேடற மாதிரி இருக்கு. என் பிள்ளைங்க படிச்சாப் புரிஞ்சு படிக்கட்டும், இல்லாட்டி போகட்டும்."

அக்காவுக்கு மனசு குளிர்ந்துபோனது. நான் எழுதுவதை இவள் பிள்ளைகளாவது படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சொல்ல முடியவில்லை.

இனி அந்த மாமா கதைக்கு வருவோம். அந்த வருஷத் தாளுக்கு அவள் எழுதிய ஒரு பத்தி இப்படி முடிந்தது: "மாமா அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்றார். ‘சரி, வருகிறேன்' என்றார்." கீழே கேள்வி: மாமா இனி என்ன செய்வார்? அ, வீட்டுக்குள் வருவார். ஆ, புறப்பட்டுப் போவார். இ, தூங்குவார். ஈ, சாப்பிடுவார்.

பிரிவுத் தலைவர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு, சராசரி. எதைச் சொன்னாலும் "சராசரி என்ன?" என்று கேட்கிற மனுஷர். வீட்டில் குழந்தை பிறந்தபோதும் எடையைக் கேட்டுவிட்டு அதைத்தான் கேட்டாராம்.

"ரொம்ப சுலபமா இருக்கு மேடம். செருப்பு மாட்டிக்கிட்டாருன்னு சொன்னப்புறம் எந்தப் பிள்ளை தப்புப் போடும்? செருப்ப எடுத்துடுங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். செருப்பு இல்லாவிட்டாலும் என்ன, வருகிறேன் என்று வாசலில் நின்று சொன்னால் போகிறார் என்று அர்த்தம். இது தெரியாத பிள்ளையும் உண்டா? பேனாவை எடுத்தாள். செருப்பைத் தன் கையாலேயே அடித்தாள்.

பத்தி அங்கிருந்து ஒப்பீட்டுக் குழுவுக்குப் போனது. வேறு மொழிகளிலும் பிள்ளைகள் இதே தேர்வை எழுதுகிறார்கள், எல்லா மொழியிலும் ஒரே கடினம் இருக்க வேண்டுமாம். குழுவில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் கைக்குப் போன மொழிபெயர்ப்பில் மாமா வாசலில் நின்று, வருகிறேன் என்றார். வருகிறேன் என்று தன் வாயாலேயே சொல்கிற மனுஷன் வேறு என்ன செய்வான்? உள்ளே வருவான். பத்தி எழுதியவள் ‘ஆ' என்று குறித்திருந்ததை அவர்கள் ஏதோ கைப்பிழை என்று எடுத்துக்கொண்டு ‘அ' என்று திருத்தினார்கள். விடைக்குறிப்பை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரை வைத்த உறையைப் பத்தி எழுதியவளுக்குக் காட்டுவதில்லை. அதுவும் விதிதான்.

தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ். அவள் வகுப்பில் முப்பத்து மூன்று பிள்ளைகள். அதில் முப்பத்தோரு பேர் ஒரே கேள்விக்கு ஒரே தவறான விடையைப் போட்டிருக்கிறார்கள். இது இயற்கையாக நடக்க வாய்ப்பில்லை என்று இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. யாரோ தேர்வு நேரத்தில் விடையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன கேள்விடி?" என்றாள் அக்கா.

"ஏதோ ஒரு மாமா. வாசல்ல நின்னு வருகிறேன்னு சொல்றாரு. பிள்ளைங்க அத்தன பேரும் புறப்பட்டுப் போவார்னு போட்டிருக்காங்க. அது தப்பாம். உள்ள வருவாராம்." தங்கை சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எந்த முட்டாள்க்கா இதையெல்லாம் எழுதறான்?"

அக்கா நோட்டீஸை வாங்கிப் பக்கத்தைத் திருப்பினாள்.

நோட்டீஸோடு விசாரணைக் குறிப்பும் இருந்தது. இரண்டு அதிகாரிகள் வகுப்புக்கே போய் முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் குழந்தையைக் கேட்டிருக்கிறார்கள். கேள்வியும் பதிலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதப்பட்டிருந்தன.

"இந்த விடை உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாருக்குமா? எப்போ தெரியும்?"

"முன்னாடியே தெரியும்."

"டீச்சர் சொன்னாங்களா?"

"டீச்சர் தினமும் சொல்லுவாங்க சார்."

இதன் கீழே அதிகாரி கோடு போட்டு எழுதியிருந்தார்: விடை முன்கூட்டியே எல்லா மாணவர்களுக்கும் தெரிந்திருந்ததையும், ஆசிரியை அதைத் தினமும் சொல்லிக்கொடுத்ததையும் மாணவி ஒப்புக்கொண்டாள்.

"தினமும் என்னடி சொல்லுவ?"

"சாயந்திரம் மணி அடிச்சதும் கதவுகிட்ட நின்னு, ‘சரி பிள்ளைங்களா, வரேன்'னு சொல்லுவேன். அதத்தான் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு. அவங்க என்ன எழுதி வச்சிருக்காங்க பாரு." தங்கை அந்தக் கோட்டை விரலால் தட்டினாள். "நாலு வரி பேசினத நாலு பேரு படிச்சுப் புரிஞ்சுக்க முடியல. இவங்க என் பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியுதான்னு பாக்க வந்துட்டாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முட்டாள் நான்தான்டி என்று ஒரே ஒரு வாக்கியம். எட்டு வார்த்தைகூட ஆகாது. பதினோரு வருஷப் பழக்கம் நாக்கைக் கட்டிப்போட்டது. "பொறு, நான் பாக்கறேன்" என்றாள். ஒற்றுப் பிழை பார்க்கிறவள் இதில் என்னத்தைப் பார்ப்பாள் என்று தங்கை ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிக்கா, வரேன்" என்று போனாள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக அவள் சராசரியின் அறையில் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் யார் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"விடைக்குறிப்பு சரியாத்தான இருக்கு மேடம். நம்ம பிள்ளைங்கள்லயே அறுபத்திரண்டு சதவீதம் ‘அ' போட்டிருக்காங்க."

"அவங்க படிக்காம வார்த்தையத் தேடி வட்டம் போட்டவங்க சார். வருகிறேன், வருவார். ஜோடி சேத்திருக்காங்க. படிச்சவங்கதான் ‘ஆ' போட்டிருக்காங்க."

"அறுபத்திரண்டு சதவீதத்துக்குப் புரியல, ஒரு வகுப்புக்கு மட்டும் புரிஞ்சுதுன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார். அதத்தான் சொல்றேன்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார், நீங்க தினமும் சாயந்திரம் இந்தக் கதவுல நின்னு என்ன சொல்றீங்க? ‘எல்லாரும் பாத்துக்கங்க, வரேன்'னுதான? சொல்லிட்டுத் திரும்பி உள்ள வந்து உக்காருறீங்களா?"

"அது பேச்சு மேடம். இது மதிப்பீடு."

இதற்கு மேல் என்ன பேச? ஆனால் சராசரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தாலாவது ஆறுதலாகத் திட்டிவிட்டு வரலாம். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். பத்தியில் தெளிவில்லை என்று எழுதியவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தக் கேள்வியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். கேள்வியே இல்லை என்றால் புகாரும் இல்லை. "உங்க ஒப்பந்தத்துக்கு மட்டும் கொஞ்சம் பாதிப்பு வரலாம்" என்றார், வராது என்று சொல்ல முடியாத குரலில்.

போகட்டும் என்று நினைத்தாள். தன் வேலை போனால் ஒரு வயிறு. தங்கை வேலை போனால் அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று நாலு வயிறு. படிவத்தை வாங்கித் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து நிரப்பினாள். பெயர் என்ற இடத்தில் பெயர் எழுதியபோது ஒரு கணம் பேனா நின்றது. பதினோரு வருஷத்தில் அவள் பத்தி ஒன்றோடு அவள் பெயர் சேர்ந்து வருவது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவம்.

ஏழாவது கேள்வி: இத்தேர்வு நடந்த பள்ளிகளில் தங்கள் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா? சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட தாளில் இப்படி ஒரு கேள்வி கிடையாது. ஆம் என்று எழுதினாள். யார்? தங்கை. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு? அதையும் எழுதினாள். பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை.

சராசரி வாங்கி ஏழாவது கேள்வி வரை வந்தார். அதற்குப் பிறகு அவர் அவளை மேடம் என்று கூப்பிடவில்லை.

மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. விடை வெளியான வழி கண்டறியப்பட்டது என்று அறிக்கை வந்தது. தேர்வுப் பத்தியை எழுதியவரும் சம்பந்தப்பட்ட ஆசிரியையும் உடன்பிறந்த சகோதரிகள் என்பதும், ஆசிரியை வாரந்தோறும் எழுதியவரின் இல்லத்துக்குச் சென்றுவந்தார் என்பதும் எழுதியவர் தாமே அளித்த வாக்குமூலத்தாலும் விசாரணையாலும் உறுதியாகின்றன. எழுதியவர் தம் மூலப் பிரதியில் ‘ஆ' என்று குறித்திருக்கிறார், மாணவர்களும் ‘ஆ' என்றே எழுதியிருக்கிறார்கள். அக்காவின் தவறான விடை அப்படியே தங்கையின் வகுப்புக்குப் போயிருக்கிறது. எவ்வளவு அழகான தர்க்கம் பாருங்கள். ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லாத அறிக்கை. இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். கேள்வியை மட்டும் எடுக்கவில்லை. கேள்வியில் குற்றம் இல்லை, ஆட்களிடம்தான் குற்றம் என்று ஆகிவிட்டதே.

தங்கை ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தாள். பள்ளிக்கூடம் நடக்கிற நாள். அக்காவும் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேரும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது.

"பையையும் குடையையும் எடுக்க வகுப்புக்குப் போனேன்" என்றாள் தங்கை. "அந்த முதல் பெஞ்சுப் பிள்ளை அழுதுக்கிட்டே வந்து, ‘டீச்சர், நான் தப்பா சொல்லிட்டேனா?'ன்னு கேட்டுச்சு. ‘இல்லம்மா, சரியாத்தான் சொன்ன'ன்னேன். பக்கத்துல நின்ன அதிகாரி அதையும் எழுதிக்கிட்டாரு."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தங்கை தொடவில்லை.

"பதினோரு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இங்க உக்காந்து உன்னையே உன்கிட்ட திட்டிட்டுப் போயிருக்கேன், நீ சிரிச்சுக்கிட்டு இருந்திருக்க."

"சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன்டி."

"ஆமா. என்கிட்ட சொல்ல மாட்ட. அவங்க கேட்டதும் ஒரே நாள்ல என் பேரு, என் பள்ளிக்கூடம், என் வகுப்பு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்ட."

"உனக்காகத்தான் எழுதினேன்."

"தெரியும். அதான் திட்டக்கூட முடியல." தங்கை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ என்னக் கேட்டிருக்கலாம்லக்கா. எழுதட்டுமா வேண்டாமான்னு. என் வேலைதான அது?"

அந்தக் கேள்விக்கு நாலு விடை கொடுத்து ஒன்றுக்கு வட்டம் போடச் சொல்லியிருந்தாலும் அக்கா போட்டிருக்க மாட்டாள். கேட்கவில்லை என்பது நிஜம். ஏழு வயதிலிருந்தே அவளைக் கேட்டு எதையும் செய்து பழக்கமில்லை.

பிறகு தங்கை எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்றாள். வழக்கமான அந்த வாக்கியத்துக்காக அக்கா காத்திருந்தாள்.

"போறேன்க்கா" என்றாள் தங்கை.

பாத்துப் போய்ட்டு வா என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் தங்கை படியிறங்கி, தெருவைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டாள். நாக்குத் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருஷம் வார்த்தைகளோடு மாரடித்தவள் அவள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு பேருக்குச் சமைத்தாள்.